அனுமதி மறுப்பது எந்தக் கதவு?

‘அனுமதி மறுக்கப்பட்டது.’ கணிப்பொறியோடு பழகும் எவரும் என்றாவது ஒரு நாள் இந்த வாசகத்தைத் திரையில் சந்தித்தே தீருவார்கள். யார் மறுத்தது, எந்த இடத்தில் மறுத்தது, எதற்காக மறுத்தது என்ற விவரம் ஒன்றும் அதில் இருப்பதில்லை. வாசலில் நிற்கும் காவலாளி காரணம் சொல்லாமல் கையை மட்டும் அசைத்துத் திருப்பி அனுப்பினால் நமக்கு எப்படியிருக்கும்? அப்படித்தான் இதுவும்.

லினக்ஸ் என்னும் இயக்க முறைமையைக் கொண்டு வீட்டில் ஒரு பொதுக் கோப்புறையை அமைத்தவர்களுக்கு இந்தக் காவலாளி நன்றாகவே பழக்கமானவர். பொறுமை இழந்த பலர் கடைசியில் எல்லாக் கதவுகளையும் அகலத் திறந்து போட்டுவிடுகிறார்கள். அன்றைக்குத் தொல்லை தீர்ந்துவிடும். பிறகு ஒரு நாள் குடும்பப் படங்கள் காணாமல் போனால் யாரைக் கேட்பது? உண்மையில் காவலாளிகள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் அகலத் திறக்க வேண்டிய தேவையே வராது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா, அம்மா, அக்கா, தம்பி என்று நான்கு பேர். பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றில் லினக்ஸை நிறுவி, பெரிய வட்டு ஒன்றைப் பொருத்திக் கூடத்தின் மூலையில் வைத்திருக்கிறார்கள். பாட்டியின் சதாபிஷேகப் படங்கள், அக்காவின் கல்லூரிப் பாடங்கள், தம்பி சேர்த்து வைத்த பாட்டுகள், அப்பாவின் வருமான வரிக் கணக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. மற்றக் கணிப்பொறிகள் வீட்டு வலையமைப்பின் வழியாக அவற்றைக் கேட்டு வாங்குகின்றன. இப்படிக் கேட்டதைக் கொண்டுவந்து தரும் கணிப்பொறிக்குச் ‘சர்வர்’ என்று பெயர். ஓட்டலில் இலைக்கு முன்னால் வந்து நிற்பவருக்கும் அதே பெயர்தானே! வேலையும் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஓட்டல் சர்வர் நீங்கள் யார் என்று கேட்பதில்லை. இந்தச் சர்வர் கேட்கும்.

ஒரு மாலை அக்கா தான் எழுதிய கட்டுரையைப் பொதுக் கோப்புறையில் வைத்தாள். தம்பி அதைத் திறந்து படித்தான். ஓரிடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. திருத்திச் சேமிக்கப் போனான். அனுமதி மறுக்கப்பட்டது! படிக்க முடிகிறது, திருத்த முடியவில்லை. ஏன்?

பெயரல்ல, எண்

லினக்ஸின் அனுமதி முறை லினக்ஸைவிட வயதில் மூத்தது. பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டு, கல்லூரி மாணவராக இருந்தபோது, லினக்ஸை எழுதத் தொடங்கினார். அவர் முன்மாதிரியாகக் கொண்டது யூனிக்ஸ். அது 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரின் கைகளில் பிறந்தது. அந்நாளில் கணிப்பொறியின் விலை மிக மிக அதிகம். ஆளுக்கு ஒன்று என்பதை நினைத்தும் பார்க்க முடியாது. ஒரே கணிப்பொறியைப் பலர் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவருடைய கோப்பை மற்றொருவர் கெடுத்துவிடாமல் இருக்க ஒரு சிக்கனமான ஏற்பாடு தேவைப்பட்டது. அந்த ஏற்பாடுதான் சிற்சில மாற்றங்களுடன் இன்றும் நம் வீட்டுக் கூடத்து மூலையில் வேலை செய்கிறது.

இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. லினக்ஸுக்கு உங்கள் பெயர் தெரியாது. உங்கள் எண்தான் தெரியும். ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. எல்லா அதிகாரமும் கொண்ட தலைமைப் பயனருக்கு 0. இன்று பரவலாகப் பயன்படும் லினக்ஸ் வகைகளில், நிறுவும்போது உருவாக்கும் முதல் மனிதப் பயனருக்குப் பெரும்பாலும் 1000. அடுத்தவருக்கு 1001. இப்படியே போகும். வட்டில் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது, ‘இது அக்காவுடையது’ என்று எழுதப்படுவதில்லை. ‘இது 1002-க்கு உரியது’ என்றுதான் எழுதப்படுகிறது. திரையில் பெயராகத் தெரிகிறதே என்கிறீர்களா? எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று ஒரு பதிவேடு அந்தக் கணிப்பொறியிலேயே இருக்கிறது. உங்களுக்குக் காட்டும்போது மட்டும் அதைப் பார்த்துப் பெயராக மாற்றிக் காட்டுகிறது. காவலாளி பதிவேட்டைப் புரட்டுவதில்லை. அவருக்கு எண் போதும்.

பயனர் எண்ணைப் போலவே குழு எண்ணும் உண்டு. ஒருவர் பல குழுக்களில் உறுப்பினராக இருக்கலாம். ஆனால் ஒரு கோப்புக்கு உரிமையாளர் ஒருவர், குழு ஒன்று. அவ்வளவுதான்.

நான்கு, இரண்டு, ஒன்று

ஒவ்வொரு கோப்பிலும் மூன்று தரப்பினருக்குத் தனித்தனியே அனுமதி குறிக்கப்பட்டிருக்கும்: உரிமையாளர், குழுவினர், மற்றவர். ஒவ்வொரு தரப்புக்கும் மூன்று கேள்விகள். படிக்கலாமா? எழுதலாமா? இயக்கலாமா? படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1 என்று மதிப்பெண். அனுமதித்தவற்றை மட்டும் கூட்டிக்கொள்ள வேண்டும். படிக்கவும் எழுதவும் அனுமதி என்றால் 4 + 2 = 6. மூன்றும் என்றால் 7. ஒன்றுமே இல்லையென்றால் 0.

ஏன் 3, 2, 1 என்று வைக்கவில்லை? வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்போது 3 என்ற விடை ‘படிக்க மட்டும்’ என்பதையும் குறிக்கும், ‘எழுதவும் இயக்கவும்’ என்பதையும் குறிக்கும். 4, 2, 1 என்று வைத்தால் 0 முதல் 7 வரை எந்த விடையும் ஒரே வழியில்தான் வரும். பைனரி முறையில் மூன்று இலக்கங்களின் மதிப்புகள் இவையே என்பது கணக்குப் பாடத்தில் கவனமாக இருந்தவர்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

ஆகவே 644 என்ற எண்ணைப் பார்த்தால் இப்படிப் படிக்க வேண்டும்: உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்க மட்டும், மற்றவரும் படிக்க மட்டும். தம்பியின் புதிருக்கு விடை இதிலேயே இருக்கிறது. அக்கா வைத்த கோப்பின் உரிமையாளர் அக்கா. தம்பி அதன் குழுவிலும் இல்லை; அவனுக்குக் கிடைத்தது மூன்றாவது இலக்கமாகிய 4. படிக்கலாம், எழுத முடியாது. கணிப்பொறி பழுதாகவில்லை, சொன்னதைச் செய்திருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. காவலாளி மூன்று தரப்பையும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் உரிமையாளர் என்றால் முதல் இலக்கத்தோடு நிறுத்திக்கொள்வார். ஒரு கோப்புக்கு 044 என்று அனுமதி வைத்தால் ஊரில் உள்ள எல்லாரும் படிக்கலாம், உரிமையாளரைத் தவிர! வீட்டில் லினக்ஸ் இருந்தால் ஒரு வெற்றுக் கோப்பில் செய்து பாருங்கள். உரிமையாளர் என்பதால் அனுமதியை மீண்டும் மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களிடம் இருக்கும், ஆகவே அஞ்ச வேண்டாம்.

கோப்புறைக்கு வரும்போது இந்த மூன்று சொற்களின் பொருள் மாறிவிடுகிறது. பலர் தடுக்கி விழும் இடம் இது. கோப்புறையைப் ‘படிப்பது’ என்றால் உள்ளே என்னென்ன பெயர்கள் உள்ளன என்று பட்டியல் பார்ப்பது. ‘எழுதுவது’ என்றால் அந்தப் பட்டியலில் பெயர் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது. ‘இயக்குவது’ என்றால் அந்தக் கோப்புறைக்குள் நுழைந்து அப்பால் செல்வது. இதிலிருந்து எதிர்பாராத ஒரு முடிவு கிடைக்கிறது. ஒரு கோப்பை அழிக்க வேண்டுமானால் அந்தக் கோப்பின் அனுமதி தேவையே இல்லை. அது இருக்கும் கோப்புறையில் எழுதும் அனுமதி இருந்தால் போதும். அக்காவின் கட்டுரையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாத தம்பி, கோப்புறையில் எழுதும் அனுமதி இருந்தால், கட்டுரையையே அழித்துவிடலாம். பாட்டியின் படங்களை ‘படிக்க மட்டும்’ என்று மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூட்ட வேண்டியது படத்தை அல்ல, படம் இருக்கும் கோப்புறையை.

வலையமைப்பில் வந்தால் நீங்கள் யார்?

இதுவரை சொன்னது ஒரே கணிப்பொறிக்குள் நடப்பது. வலையமைப்பின் வழியே வரும்போது புதிதாக ஒரு கேள்வி எழுகிறது. வெளியிலிருந்து கேட்பவரின் எண்ணைச் சர்வர் எப்படித் தெரிந்துகொள்கிறது? இதற்கு வீடுகளில் இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன.

ஒன்று என்.எஃப்.எஸ். என்பது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1984-இல் உருவாக்கியது. இதன் வழக்கமான அமைப்பில் கேட்கும் கணிப்பொறி தன் பயனரின் எண்ணை அப்படியே சொல்லும். சர்வர் அதை நம்பிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவில் வரிசை எண் 12 ஒருவர். ‘ஆ’ பிரிவில் வரிசை எண் 12 வேறொருவர். எந்தப் பிரிவு என்று கேட்காமல் ‘12-ஆம் எண் வா’ என்று கூப்பிட்டால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும் ஆகிறது.

நம் வீட்டுச் சர்வரில் அப்பா 1000, அம்மா 1001, அக்கா 1002, தம்பி 1003 என்று வைத்துக்கொள்வோம். அக்காவின் மடிக்கணிப்பொறியில் முதல் பயனர் அக்காதான். அங்கே அவள் எண் 1000. தம்பியின் கணிப்பொறியில் தம்பிக்கும் 1000. இருவரும் என்.எஃப்.எஸ். வழியே சர்வருக்கு வந்தால் சர்வர் இருவரையும் அப்பா என்றே எண்ணிக்கொள்கிறது! அப்பா தனக்கு மட்டும் என்று 600 அனுமதியுடன் வைத்த வரிக் கணக்கு இருவருக்கும் திறக்கிறது. அக்கா முன்பு சர்வரின் முன்னாலேயே உட்கார்ந்து உருவாக்கிய கோப்போ 1002-க்கு உரியது. அதை இப்போது அவளாலேயே திருத்த முடியவில்லை. கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை, கிடைக்கக் கூடாதது கிடைத்துவிட்டது. இரண்டில் இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் புகார் செய்யமாட்டார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு கணிப்பொறியிலும் ‘ஐடி’ என்ற கட்டளையைக் கொடுத்தால் உங்கள் எண்ணும் குழு எண்களும் வரும். கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையுடன் ஒரு சிறு கோடும் எல், என் என்ற எழுத்துகளும் சேர்த்துக் கொடுத்தால் பெயருக்குப் பதில் எண்களையே காட்டும். பெயர்களை நம்பாமல் எண்களை ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையா? எல்லாக் கணிப்பொறிகளிலும் ஒருவருக்கு ஒரே எண் இருக்கும்படி மாற்றியமைக்க வேண்டும். கோப்புகள் குவிவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. எண்ணை மாற்றினால் பயனரின் சொந்தக் கோப்புறைக்கு வெளியே உள்ள பழைய கோப்புகள் பழைய எண்ணோடேயே நின்றுவிடும். அவற்றின் உரிமையாளரைத் தனியே மாற்ற வேண்டியிருக்கும்.

‘தலைமைப் பயனராகவே முயன்றேன், அப்போதும் மறுக்கிறதே’ என்று சிலர் வியப்பார்கள். என்.எஃப்.எஸ்.ஸில் வெளியிலிருந்து 0 என்ற எண்ணோடு வருபவரைச் சர்வர் நம்புவதில்லை. அவரை ‘யாருமல்லர்’ என்ற பொருளுடைய ஒரு பயனராக, பெரும்பாலும் 65534 என்ற எண்ணுக்கு, இறக்கிவிடும். அடுத்த வீட்டு ராஜா நம் வீட்டில் ராஜா அல்லவே!

மற்றொரு வழி சம்பா. இதன் பெயர்க் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991-ஆம் ஆண்டு இறுதியில் இதை எழுதத் தொடங்கினார். எஸ்.எம்.பி. என்ற வலையமைப்பு மொழியை யூனிக்ஸ் கணிப்பொறி பேச வேண்டும் என்பது நோக்கம்; விண்டோஸ் கணிப்பொறிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் மொழி அது. அவர் முதலில் வைத்த பெயரை வேறொரு நிறுவனம் தன் வணிகப் பெயராக ஏற்கெனவே கொண்டிருந்தது. ஆகவே எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதியில் கணிப்பொறியைக் கொண்டே தேடினார். கிடைத்த சொற்களில் ஒன்று ‘சம்பா’ என்னும் பிரேசில் நாட்டு நடனத்தின் பெயர். அரிசிக்கும் அதற்கும் தொடர்பில்லை!

சம்பா உங்கள் எண்ணைக் கேட்பதில்லை. பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கிறது. சரியாக இருந்தால் சர்வரில் உள்ள அந்தப் பெயருக்குரிய பயனராகவே மாறி, உங்கள் சார்பில் கோப்பைத் தொடுகிறது. ஆகவே இங்கே இரண்டு காவலாளிகள். முதலாமவர் சம்பா. இந்தப் பொதுக் கோப்புறைக்குள் இவர் வரலாமா, எழுதலாமா என்று தன் அமைப்புக் கோப்பைப் பார்த்துச் சொல்வார். தனியாகச் சொல்லாவிட்டால் ‘படிக்க மட்டும்’ என்பதே அவர் விதி. அவர் விட்டாலும் உள்ளே இரண்டாமவர், லினக்ஸ், எண்ணைப் பார்ப்பார். இருவரும் சம்மதித்தால்தான் எழுத முடியும்.

சம்பாவின் கடவுச்சொல் பட்டியல் தனி. லினக்ஸில் கடவுச்சொல்லை மாற்றினால் சம்பாவில் தானாக மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். இன்னொரு கண்ணியும் இருக்கிறது. டெபியன், உபுண்டு வகைகளில் சம்பாவை நிறுவியதும் கிடைக்கும் அமைப்பில், தெரியாத பெயரோடு வருபவரை மறுக்காமல் விருந்தாளியாகக் கருதும் விதி ஒன்று உண்டு. பெயரில் ஓர் எழுத்துத் தவறினாலும் நீங்கள் விருந்தாளி. விருந்தாளிகளை ஏற்கும் கோப்புறையானால் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுவீர்கள், படிக்கவும் முடியும், எழுதப் போகும்போதுதான் மறுப்பு வரும். சர்வரில் ‘எஸ்எம்பிஸ்டேட்டஸ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் யார் எந்தப் பெயரில் இணைந்திருக்கிறார்கள் என்பது தெரியும். உங்கள் பெயருக்குப் பதில் அந்த ‘யாருமல்லர்’ இருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

பாதிப் பாதியாகத் தேடுங்கள்

வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் சுவரை உடைத்துக் கம்பியைத் தேடுவோமா? டெஸ்டரை எடுத்து முதலில் சுவிட்சில் வைத்துப் பார்ப்போம். அங்கே மின்சாரம் இருந்தால் குறை அதற்கு அப்பால். இல்லையென்றால் அதற்கு முன்னால். ஒரே சோதனையில் பாதி இடம் கழிந்துவிடுகிறது.

இங்கேயும் அப்படி ஒரு சோதனை உண்டு. நேரே சர்வரின் முன்னால் உட்கார்ந்து, வலையமைப்பே இல்லாமல், தம்பியின் பெயரில் அந்தக் கோப்புறையில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பாருங்கள். ‘சூடூ’ கட்டளையில் ‘இந்தப் பயனராகச் செய்’ என்று சொல்ல வழி இருக்கிறது. வெற்றுக் கோப்பை உருவாக்க ‘டச்’ என்ற கட்டளை. முடிந்ததா? அப்படியானால் லினக்ஸ் காவலாளிமேல் குற்றமில்லை. சம்பாவின் அமைப்பிலோ, பெயர், கடவுச்சொல்லிலோ தேடுங்கள். ‘டெஸ்ட்பார்ம்’ என்ற கட்டளை சம்பா தன் அமைப்புக் கோப்பை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்று காட்டும். சர்வரிலேயே முடியவில்லையா? சம்பாவை மறந்துவிடுங்கள், குறை வட்டின் அனுமதியில். தலைமைப் பயனராக இச்சோதனையைச் செய்து பார்ப்பதில் பயனில்லை. அவரைக் காவலாளி நிறுத்துவதே இல்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும்.

தம்பியின் பெயரில் சோதித்தபோது சர்வரிலேயே மறுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி திருத்துவது எப்படி? நால்வரையும் ‘குடும்பம்’ என்ற ஒரு குழுவில் சேர்த்து, பொதுக் கோப்புறையை அந்தக் குழுவுக்கு உரியதாக்கி, அனுமதியை 770 என்று வைக்கலாம். அனுமதியை மாற்றும் கட்டளை ‘சிஎச்மாட்’. ஆனால் இத்துடன் நிறுத்தினால் மறுநாளே புகார் திரும்ப வரும். அக்கா உருவாக்கும் புதிய கோப்பு வழக்கம்போல் அவளுடைய சொந்தக் குழுவுக்கே போகும். அதற்காகத்தான் மூன்று இலக்கங்களுக்கு முன்னால் நான்காவதாக ஒன்று இருக்கிறது. 2770 என்று வைத்தால், அந்தக் கோப்புறையில் புதிதாகப் பிறக்கும் கோப்பு பெற்றவரின் குழுவை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டின் குழுவை ஏற்கும். அதோடு, புதிய கோப்புகளில் குழுவினருக்கும் எழுதும் அனுமதி கிடைக்கும்படி சம்பாவின் அமைப்பில் கோப்புக்கு 0660, கோப்புறைக்கு 2770 என்று எழுதிவைக்க வேண்டும்.

குழுவில் சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘யூசர்மாட்’ கட்டளையில் ஜி என்ற பெரிய எழுத்துக்கு முன்னால் ஏ என்ற சிறிய எழுத்தை விட்டுவிட்டால், புதிய குழுவில் சேர்ப்பதோடு, பழைய கூடுதல் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் அந்தப் பயனரை நீக்கிவிடும். நிர்வாகக் குழுவிலிருந்து அப்பாவை இப்படி நீக்கிவிட்டால் அப்புறம் சர்வரை நிர்வகிக்கவே ஆள் இருக்காது.

‘குழுவில் சேர்த்துவிட்டேன், இன்னும் மறுக்கிறதே!’ ஆம், மறுக்கும். நீங்கள் உள்ளே நுழையும் வேளையில்தான் உங்கள் குழுப் பட்டியல் கையில் கொடுக்கப்படுகிறது. பிறகு பதிவேட்டில் என்ன மாற்றம் செய்தாலும் கையிலுள்ள சீட்டு மாறாது. வெளியே போய் மீண்டும் உள்ளே வர வேண்டும். சம்பா வழியே வருபவர் இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைய வேண்டும். ‘ஐடி’ என்று மட்டும் கொடுத்தால் கையிலுள்ள சீட்டைக் காட்டும். ‘ஐடி’ என்பதோடு பயனர் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும். இரண்டும் வேறுபட்டால் காரணம் உங்களுக்குத் தெரியும்.

சில கோப்புகளில் மட்டும் தொல்லை, மற்றவற்றில் இல்லை என்றால், அவை எப்படி அங்கே வந்தன என்று கேளுங்கள். நகல் எடுத்தால் புதிய கோப்பு பிறக்கிறது. வீட்டுக் குழுவை ஏற்கிறது. அதே வட்டில் வேறிடத்திலிருந்து நகர்த்தினால் புதிதாக ஒன்றும் பிறப்பதில்லை. பழைய கோப்பே பழைய உரிமையாளர், பழைய குழுவோடு இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது.

வழியிலுள்ள கதவுகள்

கோப்பின் அனுமதியும் சரி, கோப்புறையின் அனுமதியும் சரி, ஆனாலும் மறுப்பு. அப்போது வழியைப் பாருங்கள். ஐந்து கோப்புறைகளுக்குள் ஒரு கோப்பு இருந்தால் அந்த ஐந்திலும் நுழையும் அனுமதி வேண்டும். தெருக் கதவு பூட்டியிருந்தால் பூஜை அறை திறந்திருந்து என்ன பயன்? பொதுக் கோப்புறையை அப்பா தன் சொந்தக் கோப்புறைக்குள் அமைத்திருந்தால் இப்படி நேரும். உபுண்டுவில் 2021-ஆம் ஆண்டு வெளிவந்த 21.04 பதிப்பிலிருந்து புதிதாக உருவாகும் சொந்தக் கோப்புறைகளின் அனுமதி 750. அதற்கு முன் 755. மற்றவருக்கான இலக்கம் 5 என்பதிலிருந்து 0 ஆகிவிட்டது. முன்பு வேலை செய்த அதே அமைப்பு, லினக்ஸைப் புதிதாக நிறுவியபின் மறுக்கத் தொடங்குவதற்கு இது ஒரு காரணம். ‘நேம்ஐ’ என்ற கட்டளையுடன் ஒரு சிறு கோடும் எல் என்ற எழுத்தும் சேர்த்து முழு வழியையும் கொடுத்தால், வழியிலுள்ள ஒவ்வொரு கதவின் அனுமதியையும் வரிசையாக எழுதிக் காட்டும். அதிகம் பேருக்குத் தெரியாத, மிக நல்ல கட்டளை.

சில வட்டுகளில் ‘சிஎச்மாட்’ கட்டளை கொடுத்தாலும் ஒன்றும் மாறுவதில்லை. அது யு.எஸ்.பி. வழியே செருகிய வட்டா என்று பாருங்கள். ஃபேட், எக்ஸ்ஃபேட் ஆகிய முறைகளில் வடிவமைத்த வட்டில் உரிமையாளர் எண்ணை எழுதிவைக்க இடமே கிடையாது. எழுத இடமில்லாத ஏட்டில் எதை மாற்றுவது? வட்டை இணைக்கும் வேளையில் ‘இதிலுள்ள எல்லாம் இன்ன எண்ணுக்கு உரியவை’ என்று லினக்ஸுக்குச் சொல்ல வேண்டும். நிரந்தரமாகச் சர்வரில் இருக்கப்போகும் வட்டு என்றால் லினக்ஸுக்குரிய முறையில் வடிவமைப்பதே மேல். வடிவமைத்தால் அதிலுள்ளவை அழிந்துவிடும். முதலில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபெடோரா போன்ற வகைகளில் எஸ்.இ.லினக்ஸ் என்ற மூன்றாவது காவலாளியும் உண்டு. அவர் எண்ணைப் பார்ப்பதில்லை, கோப்பின்மேல் ஒட்டிய சீட்டைப் பார்ப்பார். சம்பா தொடலாம் என்ற சீட்டு இல்லாவிட்டால் மறுத்துவிடுவார். பெரும்பாலான வீடுகளில் இவர் குறுக்கே வருவதில்லை.

777 என்ற மருந்து

அனுமதித் தொல்லைக்கு 777 போடு என்று சொல்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் எல்லாம். உள்ளே உள்ள அனைத்துக்கும் சேர்த்துப் போடு என்பார்கள் இன்னும் சிலர். இது காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பது போன்ற வைத்தியம் என்பது என் கருத்து. முதலாவது, சம்பா மறுத்திருந்தால் 777 போட்டும் பயனில்லை. வழிக் கதவு பூட்டியிருந்தாலும் பயனில்லை. இரண்டாவது, ‘மற்றவர்’ என்பதில் அந்த விருந்தாளியும் அடக்கம். வீட்டு வலையமைப்பில் இணைந்த எந்தக் கைபேசியும், அதிலுள்ள எந்தச் செயலியும், படங்கள் உள்ள கோப்புறையைக் காலி செய்யலாம். வட்டிலிருந்து இப்படி அழிந்தவை குப்பைக் கூடைக்குப் போவதில்லை. சம்பாவில் அதற்கென்று தனியே ஏற்பாடு செய்திருந்தாலொழிய அப்படியே போய்விடும். மூன்றாவது, முன்பு எந்தக் கோப்புக்கு எந்த அனுமதி இருந்தது என்ற விவரமும் அழிந்துவிடுகிறது. திரும்பிப் போக வழியில்லை.

ஆகவே ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னால் பழைய எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சோதனையில் பயன் கிடைக்காவிட்டால் அடுத்ததை முயலும் முன் பழையபடியே வைத்துவிடுங்கள். வேதியியல் சோதனைக்கூடத்தில் இதைத்தானே செய்கிறீர்கள்?

புகாரே வராத ஒரு மறுப்பும் உண்டு. இரவு நேரத்தில் படங்களை வேறொரு வட்டில் நகல் எடுக்கும் நிரலைப் பலர் அமைத்திருப்பார்கள். அந்த நிரலும் ஒரு பயனரின் எண்ணில்தான் ஓடுகிறது. அந்த எண் குடும்பக் குழுவில் இல்லையென்றால் சில கோப்புகளை அதனால் படிக்க முடியாது. படிக்க முடிந்தவற்றை நகல் எடுத்துவிட்டு மற்றவற்றைப் பதிவுக் கோப்பில் குறித்துவிட்டு ஓய்ந்துவிடும். தூங்குகிறவர்களை எழுப்பிச் சொல்லாது. பழைய வட்டு பழுதாகும் அன்றுதான் எந்தப் படங்கள் இல்லை என்பது தெரியவரும். உங்கள் வீட்டில் அப்படி ஒரு நிரல் இருந்தால் அது எந்தப் பயனராக ஓடுகிறது என்று பாருங்கள். பிறகு நகல் வட்டைத் திறந்து, நேற்று அக்கா வைத்த கோப்பும் போன மாதம் தம்பி வைத்த கோப்பும் அதில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இந்தப் பயனருக்குப் படிக்கும் அனுமதி போதும். எழுதும் அனுமதி கொடுக்க வேண்டாம்.